பழைய டீசல் புல்டோசர்: பழுதறிதலும் பராமரிப்பும்

புல்டோசர் என்பது இரும்புச் சங்கிலித் தடத்தில் நகர்ந்து, முன்னால் உள்ள பிளேடால் மண்ணைத் தள்ளும் கனரக வண்டி. கேட்டர்பில்லர் நிறுவனம் தன் முதல் டீசல் டிராக்டரை 1931இல் வெளியிட்டது. இந்தியாவில் இன்னும் ஓடும் பழைய டோசர்களில் பல, 1964இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பெமல், ஜப்பானின் கோமட்சு தொழில்நுட்பத்தில் கோலார் தங்கவயலில் தயாரித்த டி80, டி155 ரகங்கள்.

சங்கிலித் தட வண்டிகள் சென்னையை அடுத்த ஆவடி வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அருகிலுள்ள அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகள், தேய்ந்த புஷ், பின் போன்றவற்றை அளவெடுத்துக் கடைந்து தரும் திறன் கொண்டவை. உதிரிபாகம் எளிதில் கிடைக்காத பழைய வண்டிக்கு இதுவே பெரிய பலம்.

பராமரிப்புச் செலவில் ஏறக்குறைய பாதியை விழுங்குவது எஞ்சின் அன்று, அடித்தளம்தான்: செயின், ரோலர், ஐட்லர், ஸ்ப்ராக்கெட். செயினை இறுக்கமாக வைத்தால் நல்லது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது, அது தவறு. இறுகிய செயின் புஷ்ஷையும் ஸ்ப்ராக்கெட் பல்லையும் வேகமாகத் தின்றுவிடும். ஐட்லருக்கும் மேல் ரோலருக்கும் இடையே ஒரு நேர்க்கம்பியை வைத்துப் பார்த்தால், பல ரகங்களில் 20 முதல் 30 மி.மீ. தொய்வு இருக்க வேண்டும். கோவில்பதாகை ஏரி போன்ற இடங்களில் தூர்வாரும்போது களிமண் செயினுக்குள் அப்பிக்கொண்டு தானாகவே அதை இறுக்கும். அங்கே சேறு ஒட்டிய நிலையிலேயே தொய்வை அளந்து சரிசெய்ய வேண்டும். மாலையில் சேற்றைச் சுரண்டிவிடுவதும் அவசியம்; இரவில் காய்ந்து கெட்டிப்பட்டால் காலையில் ரோலர் சுழலாமல் தேயும். நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் தொல்லை வேறு விதம். அங்கே மேல்மண்ணாக உள்ள கடலூர் மணற்பாறை, இரும்பை அரம்போல் அராவும்.

புஷ் ஒரு பக்கம் தேய்ந்ததும் பின்னையும் புஷ்ஷையும் 180 பாகை திருப்பிப் போட்டால் செயினின் ஆயுள் நீளும். முழுதும் தேயும்வரை காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். கூர்மையாகிவிட்ட ஸ்ப்ராக்கெட்டின் மேல் புதுச் செயின் போடுவது வீண் செலவு. வேகமாகப் பின்னால் ஓட்டுவதும் எப்போதும் ஒரே பக்கமாகத் திருப்புவதும் தேய்மானத்தைக் கூட்டும்.

எஞ்சினின் நோயைப் புகையே சொல்லும். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது நாசில் சரியாகத் தெளிக்கவில்லை. முதலில் ஏர் கிளீனரைத்தான் பார்க்க வேண்டும். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை வந்தால், டீசல் எரியாமல் வெளியேறுகிறது அல்லது தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது.

வண்டி இழுக்கவில்லை என்றதும் எஞ்சினைப் பிரிக்கக் கூடாது. டார்க் கன்வெர்ட்டர் இல்லாத பழைய ரகங்களில் பிளேடில் சுமை ஏறும்போது எஞ்சின் வேகம் இறங்கிப் புகை கக்கினால் குறை எஞ்சினில்; வேகம் இறங்காமல் செயின் மட்டும் நின்றால் கிளட்ச் நழுவுகிறது. சுமையில் வண்டி ஒரு பக்கமே இழுத்தால், அந்தப் பக்கத்து ஸ்டியரிங் கிளட்சைச் சோதிக்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆகாத வண்டியில் பெரும்பாலும் டீசல் லைனில் ஏர் பிடித்திருக்கும், அல்லது தண்ணீர் கலந்திருக்கும். மாலையிலேயே டேங்கை நிரப்பிவிட்டால் இரவில் உள்ளே நீர் கோத்துக்கொள்வது குறையும். காலையில் டேங்கின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து தேங்கிய நீரை வடிக்க வேண்டும். ரேடியேட்டருக்கு உப்பேறிய போர்வெல் தண்ணீர் ஆகாது. உள்ளே படியும் உப்பு, சென்னைக் கோடையில் எஞ்சினைக் கொதிக்க வைக்கும். எஞ்சின் ஆயிலைப் பொதுவாக 250 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். தூசி மிகுந்த வேலையில் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. டர்போ உள்ள எஞ்சினை நிறுத்துமுன் சில நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட வேண்டும்.

செயினைத் தளர்த்தும்போது கிரீஸ் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்; அதன் நேர் எதிரே முகத்தையும் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸின் அழுத்தம் ஆளைக் கொல்லும். பிளேடைத் தரையில் இறக்காமல், அல்லது கட்டை முட்டுக் கொடுக்காமல், யாரும் அதன் அடியில் நுழையக் கூடாது.