அறுபத்து மூன்றரை பாகை: மும்பையின் ஒரு கட்டட விதி

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. சில மாதங்களுக்குள் மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்பது அன்று நிறுவப்பட்டிருக்கவில்லை. இருளும் ஈரமும் நெரிசலுமே நோயின் உறைவிடம் என்று அதிகாரிகள் கருதினர். அக்கருத்தின் விளைவாக 1898இல் பாம்பே இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைக்கப்பட்டது. பிளேக்கைப் பற்றிய அதன் கணிப்பு பிழையானது. வெளிச்சம் புகாத அறை மனிதரைக் கொல்லும் என்ற கணிப்போ பிழையன்று. காசநோய் அதற்குச் சான்று.

டிரஸ்ட் கையாண்ட முதன்மையான கருவி ஒரு கோணம். ஒரு கட்டடத்தின் அடியிலிருந்து எதிர்க்கட்டடத்தின் உச்சியை நோக்கி வரையும் கோடு தரையோடு அமைக்கும் கோணம் 63½ பாகையை மிஞ்சலாகாது. நடைமுறையில் இதன் பொருள், எதிரே எழும் சுவரின் உயரத்தில் ஏறத்தாழப் பாதியளவு வெளியிடம் விட வேண்டும் என்பதே. டிரஸ்டின் தலைவராக இருந்த ஐ.சி.எஸ். அதிகாரி ஜே. பி. ஆர், குடியிருப்புகளில் வெளிச்சமும் காற்றும் என்னும் பொருளில் 1912இல் ஆற்றிய உரை இவ்விதியின் தேவையை விரிவாக வாதிட்டது.

இக்கோணத்தின் பயனை நன்கு நுகர்ந்தவர்களுள் தமிழரும் உண்டு. தாதர்–மாட்டுங்கா, சயான்–மாட்டுங்கா திட்டங்களில் டிரஸ்ட் பிரித்தளித்த மனைகளில் 1920களிலும் 1930களிலும் அடுக்ககங்கள் எழுந்தன. பெரும்பாலும் தரைத்தளமும் இரண்டு மாடிகளும் கொண்ட அவற்றில், எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் பணியாற்றத் தெற்கிலிருந்து வந்த நடுத்தர வகுப்பார், குறிப்பாகப் பிராமணர், குடியேறினர். நடை தூரத்தில் இருந்தது தாராவி. திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் சதுப்பு நிலத்தைத் தாமே தூர்த்துக் குடியமர்ந்த இடம் அது. நாற்றமடிக்கும் தொழில்கள் நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட காலம். மாட்டுங்காவை வடிவமைத்த கோணம் தாராவியின் சந்துகளை எட்டவில்லை. ஒரே மொழி பேசியோரிடையே ஊரிலிருந்து கூடவே வந்த சாதி, வர்க்க இடைவெளி, நகரில் வெளிச்சத்தின் இடைவெளியாகவும் ஆயிற்று.

சுதந்திரத்திற்குப் பின், 1971ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் குடிசைப்பகுதிச் சட்டமும் 1976இன் கணக்கெடுப்பும் குடிசைவாசியை அரசின் ஏட்டில் ஏற்றின. 1985இன் பிரதமர் மானியத் திட்டம் தாராவிக்கு 37 கோடி ரூபாய் ஒதுக்கியது. திருப்பம் 1990களில் நேர்ந்தது. 1991இன் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளும், 1995 இறுதியில் உருவான குடிசை மறுவாழ்வு ஆணையமும், இலவச வீட்டின் செலவைக் கட்டுமான நிறுவனத்தின் விற்பனை வருவாயிலிருந்து ஈடுகட்டும் முறையை நிலைநாட்டின. நிலத்தை மிச்சப்படுத்தினால்தான் கணக்கு நேராகும். ஆகவே மறுவாழ்வுக் கட்டடங்களுக்கு மட்டும் சுற்றுவெளியைக் குறைத்துக்கொள்ள விதிகளில் தளர்வு தரப்பட்டது. ஏழைக்கு வீடு தருவதே பெரிது, வெளிச்சம் இரண்டாம் பட்சம் என்ற முடிவு ஒரு பின்னிணைப்பின் உட்பிரிவுக்குள் எடுக்கப்பட்டது!

விளைவு செம்பூருக்குக் கிழக்கே, கோவண்டி–மான்கூர்ட் பகுதியில் தெரிந்தது. சாலை, இரயில் திட்டங்களால் இடம்பெயர்க்கப்பட்டோருக்காக எழுந்த நட்வர் பாரேக் வளாகத்தில், தரைத்தளத்திற்கு மேல் ஏழு மாடிகள் கொண்ட கட்டடங்கள் சுமார் 3 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. அவற்றின் உயரத்தை 23 மீட்டர் என்று கொண்டால் கோணம் ஏறத்தாழ 83 பாகை. பழைய விதிப்படி அங்கே 11 மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும்; அல்லது அந்த 3 மீட்டருக்கு இரண்டு தளங்களே எழுப்பலாம். டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பின் ஆய்வு 2018இல் வெளிவந்தது. நட்வர் பாரேக், லல்லுபாய் வளாகங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு வீட்டில் காசநோய். கட்டடங்கள் விலகி நிற்கும் அண்டை வளாகத்தில் நூற்றில் ஒரு வீட்டில். கீழ்த்தளங்களில் பகலிலும் விளக்கெரிகிறது.

இதற்கிடையே இலவச வீட்டின் பரப்பு மட்டும் ஏறிக்கொண்டே வந்தது: 180 சதுர அடி, 225, 269, 2018இன் விதிகளில் 300, தாராவிக்கென 2024இல் அறிவிக்கப்பட்ட 350. தேர்தல் மேடையில் சொல்ல வாய்ப்பான எண்கள் இவை. சுவருக்கும் சுவருக்கும் இடையிலான மீட்டரைக் கேட்டு எழுந்த முழக்கம் அரிது. சந்துகளில் ஏற்கெனவே இருட்டில் வாழ்பவர்க்கு அறையின் அகலமே முதற்கவலையாக இருப்பது இயல்பு. திட்டமிடுவோர்க்கு அந்தச் சலுகை இல்லை.

2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் வென்றது. 2000 சனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்க்குத் தாராவிக்குள் இலவச வீடு. பின்னர் வந்தோர்க்கும் மாடியறைகளில் வாழ்வோர்க்கும் வெளியே வேறிடம். அதற்கென ஒதுக்கப்பட்ட நிலங்களுள் ஒன்று, 1927 முதல் நகரின் குப்பை கொட்டப்பட்டுவரும் தேவ்னார் கிடங்கின் ஒரு பகுதி. நட்வர் பாரேக் வளாகம் நிற்கும் அதே வார்டில்தான் தேவ்னாரும் இருக்கிறது.