கடவுச்சொல்லும் ஒரு கலகமும்

சாலாக் செலாத்தான் வீட்டில் ஒரு பழைய லினக்ஸ் கணினி வைத்திருக்கிறேன். எங்கள் வாசகர் வட்டம் 1999-இலிருந்து சேர்த்த கட்டுரைகள் அதில்தான் கிடக்கின்றன. போன மாதம் அதை நானே பூட்டிக்கொண்டேன். என் பெயரைப் பிரிண்டர் குழுவில் சேர்க்க 'யூசர்மாட்' கட்டளையைக் கொடுத்தபோது 'ஏ' என்ற ஒற்றை எழுத்து விட்டுப்போச்சு. அது இருந்தால் 'இருக்கிற குழுக்களோடு இதையும் சேர்'. இல்லாவிட்டால் 'இது மட்டும் போதும்'. மறுநாள் நுழைந்தபோது நான் 'சூடோ' குழுவில் இல்லை. உபுண்டு 2004-இல் வெளிவந்த நாள் முதலே 'ரூட்' கணக்கைப் பூட்டித்தான் தருகிறது. ஆக, அந்த வழியும் இல்லை. சொந்த வீட்டிலேயே வாடகைக்காரன் ஆனேன்.

இந்த ரூட் 1969-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸின் பிள்ளை. பயனர் எண் 0. அந்த எண்ணைக் கண்டால் எந்தக் கோப்பும் மறுக்காது. எல்லாருக்கும் அந்தச் சாவியைக் கொடுக்க முடியாது என்பதால், 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காக்‌ஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் சூடோவை எழுதினார்கள். சாவி கைமாறாமல் வேலை மட்டும் நடக்கும்.

சாவி யாரிடம் என்பது அப்போதே சண்டைதான். 1984-இல் எம்ஐடி செயற்கை அறிவு ஆய்வகத்தில் சிலர் ட்வெனெக்ஸ் கணினியின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, மற்றவர்களுக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் கெர்னலையே திருத்தி அதிகாரத்தைப் பிடுங்கி எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தார். பிறகு க்னூவின் 'சு' கட்டளைக் கையேட்டில் இதையே காரணமாகச் சொன்னார். ரூட் ஆகும் உரிமையைச் சிலருக்கு மட்டும் ஒதுக்கும் 'வீல்' குழுவுக்கு அதில் இடமே வைக்கவில்லை. ஒரு கட்டளையின் கையேட்டில் அரசியல் அறிக்கை! எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் முழுசாக அவர் பக்கம் நிற்க மனசு வரவில்லை. எங்கள் கணினியில் பிறருடைய சொந்தக் கடிதங்களும் இருக்கின்றன.

கடவுச்சொல்லை நம்பவும் முடியாது. 1979-இல் ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 3,289 கடவுச்சொற்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். 86 விழுக்காடு சுலபமாகச் சிக்கும் ரகம். மூன்றெழுத்து, நாலெழுத்து, இல்லாவிட்டால் அகராதியில் இருக்கும் ஏதோ ஒரு சொல்.

நான் செய்தது கெர்னல் திருத்தம் எல்லாம் இல்லை லா. கணினி எழும்போது வரும் 'க்ரப்' பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தினேன். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில், வழக்கமாக எழும் முதல் நிரலுக்குப் பதில் 'பாஷ்' ஷெல்லை எழுப்பச் சொன்னேன். கடவுச்சொல் கேட்கும் நிரல் எழுவதற்கு முன்பே நிற்கிறோம், அவ்வளவுதான். வட்டு 'வாசிக்க மட்டும்' நிலையில் இருந்தது. எழுதவும் இடம் தருமாறு மறுபடி ஏற்றி, என்னைச் சூடோ குழுவில் சேர்த்தேன். இந்தத் தடவை 'ஏ' மறக்கவில்லை.

பத்து நிமிடம். சந்தோஷம் வந்த வேகத்தில் பயமும் வந்தது. கதவை உடைத்து வருகிற திருடனுக்கும் இதே பத்து நிமிடம் போதும். வட்டு முழுவதையும் மறைகுறியாக்கியிருந்தால் அவனால் முடியாது. கடவுச்சொல்லை மறந்தால் என்னாலும் முடியாது. இன்னும் முடிவெடுக்கவில்லை.

உள்ளே போய் 1999 கோப்பைத் திறந்தால், வரி முழுக்கப் புரியாத குறிகள். அப்போது எங்களில் யாரும் யூனிகோடில் எழுதவில்லை, எல்லாம் டிஸ்கி. அதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் பதிவாகும், யூனிகோடில் பின்னால். ரூட்டுக்கும் இது மசியாது. மாற்றித் தரும் நிரல் ஒன்றைப் போட்டு, 'கொ'வும் 'கோ'வும் சரியாக வருகிறதா என்று இரவு முழுக்க ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.