வளைக்குள் உருவான குணம்

ஜெர்மனியின் காடுகளில் வளைக்கரடியைப் பிடிக்க வேட்டைக்காரர்கள் உருவாக்கிய நாய் டாஷ்ஹண்ட். வளைக்கரடிக்கு நீண்ட நகங்கள், வலுவான தாடை. பகலெல்லாம் மண்ணுக்கடியில், கிளை கிளையாகப் பிரியும் சுரங்கத்தில் அது படுத்துக்கிடக்கும். வாசலில் நின்று குரைக்கும் நாயால் பயனில்லை. உள்ளே நுழைந்து அதை எதிர்கொள்ளும் நாய் வேண்டும். ஹான்ஸ் ஃபிரீட்ரிஹ் ஃபான் ஃபிளெமிங் 1719-இல் வெளியிட்ட வேட்டை நூலிலேயே வளைக்குள் ஊர்ந்து போகும் குட்டை நாய்கள் பேசப்படுகின்றன.

அந்தக் குட்டைக் காலுக்குக் காரணம், எலும்பு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவின் கூடுதல் நகல் என்று 2009-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கால் குட்டையானாலும் மார்பு ஆழமானது. காற்றுக் குறைந்த இடத்தில் மூச்சுவிட அது உதவியது. அகன்ற முன்பாதங்கள் மண்ணைத் தோண்டித் தள்ளின.

உடலைவிட வியப்பானது அதன் மனம். வளைக்குள் இறங்கிய பிறகு நாய் தனியாள். இருட்டு, நெருக்கம், எதிரே தன்னைக் கிழிக்கக்கூடிய விலங்கு. எஜமானின் குரல் அங்கே எட்டாது. முன்னேறுவதா, பின்வாங்குவதா, நின்ற இடத்திலேயே எதிரியை மறிப்பதா என்பதை நாயே முடிவு செய்ய வேண்டும். உத்தரவுக்காகக் காத்திருக்கும் நாய் அந்த வேலைக்கு ஆகாது. அதனால், தானாக முடிவெடுத்த நாய்களே தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. இன்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் போக்கில் நடக்கும் டாஷ்ஹண்டைப் பிடிவாதக்கார நாய் என்று வீட்டார் குறைசொல்வது அநியாயம். அந்தக் குணத்துக்காகத்தான் அது வளர்க்கப்பட்டது. அதட்டலுக்கு மசியாத இந்த நாய், தின்பண்டத்தோடும் பொறுமையோடும் சொல்லிக்கொடுத்தால் விரைவாகக் கற்றுக்கொள்ளும்.

குரலுக்கும் இதே கதைதான். நாய் எங்கே வளைக்கரடியை மறித்து நிற்கிறது என்பதை மேலே இருப்பவர்கள் குரைப்பை வைத்தே அறிந்தார்கள். சத்தம் வந்த இடத்தைக் கவனித்து மண்வெட்டியால் தோண்டினார்கள். இத்தனை சிறிய உடலிலிருந்து அத்தனை கனத்த குரைப்பு வருவது அதனால்தான். அழைப்பு மணி அடித்ததும் வீட்டை அதிரவைப்பது, பூந்தொட்டி மண்ணைக் கிளறுவது, போர்வைக்கடியில் நுழைந்து சுருண்டுகொள்வது, அணிலைக் கண்டால் கட்டுக்கடங்காமல் பாய்வது எல்லாம் அந்தத் தொழிலின் மிச்சங்கள். இரை கண்ணில் படாதபோதும் மோப்பத் தடத்தில் விடாமல் குரைத்துக்கொண்டே போகும் திறனை ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் இன்றும் தேர்வு வைத்துச் சோதிக்கிறார்கள்.

முடியிலும் மூன்று வகை வந்தது. குட்டை முடி நாயோடு ஸ்பானியல் வகை நாய்களைக் கலந்து நீள்முடி நாய் உருவானது என்று பலரும் கருதுகிறார்கள். முட்புதரைத் தாங்கும் கம்பிமுடி நாய்க்காக ஷ்னவுசர், டாண்டி டின்மாண்ட் டெரியர் ஆகியவை கலக்கப்பட்டன. நீள்முடி நாய் சற்றுச் சாந்தம், கம்பிமுடி நாய் கூடுதல் துடுக்கு என்பது வளர்ப்பவர்களின் பொதுவான அனுபவம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நாய் அரண்மனைக்குப் போனது. விக்டோரியா மகாராணி டாஷ்ஹண்டுகளைப் பிரியமாக வளர்த்தார். இங்கிலாந்தில் 1881-இலும் ஜெர்மனியில் 1888-இலும் இதற்கெனச் சங்கங்கள் பிறந்தன. ஜெர்மனியின் இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசரும் இவற்றை வளர்த்தார். நாடிழந்து நெதர்லாந்தின் டோர்ன் மாளிகையில் அவர் வாழ்ந்த காலத்தில் இறந்த செண்டா என்ற அவருடைய நாயின் கல்லறை அங்கே இருக்கிறது.

முதல் உலகப் போரில் ஜெர்மானிய நாய் என்ற பெருமையே பழியானது. கேலிச்சித்திரங்களில் டாஷ்ஹண்ட் ஜெர்மனியின் உருவமாக வரையப்பட்டது. இங்கிலாந்தின் பெர்க்காம்ஸ்டெட் ஊர்த் தெருவில் ஒரு டாஷ்ஹண்ட் கல்லால் அடிக்கப்பட்டதை எழுத்தாளர் கிரஹாம் கிரீன் தன் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். எந்த நாட்டையும் அறியாத ஒரு விலங்கின் மீது மனிதர்கள் இறக்கிவைத்த பகை அது. பழைய செல்வாக்கு திரும்பப் பல ஆண்டுகள் ஆயின. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வடிவமைப்பாளர் ஓட்ல் ஐஷரின் குழு வடிவமைத்த வால்டி என்ற பலவண்ண டாஷ்ஹண்ட் அதிகாரப்பூர்வச் சின்னமாயிற்று. மாரத்தான் பாதையையே அதன் உருவத்தில் வகுத்தார்கள்.

காட்டைவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் பழைய துணிச்சல் தணியவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நியர்களிடமும் பிற நாய்களிடமும் சீறும் இனங்களின் முன்வரிசையில் டாஷ்ஹண்ட் இருந்தது. வீட்டில் ஒருவரிடம் மட்டும் அளவுகடந்து ஒட்டிக்கொள்வதும் அதற்கு வழக்கம். குட்டிப் பருவத்திலேயே பலதரப்பட்ட மனிதர்களோடும் நாய்களோடும் பழகவிட்டால் சீற்றம் பெரிதும் குறையும்.

திடீரென்று கடிக்க வரும் டாஷ்ஹண்டுக்கு முதுகுவலியும் இருக்கலாம். முதுகெலும்பு வட்டுகள் இளம் வயதிலேயே இறுகிச் சுண்ணம் படிவது இந்த இனத்தின் பெருந்துயரம். வட்டு பிதுங்கினால் பின்னங்கால்கள் செயலிழக்கக்கூடும். குட்டைக் கால் மரபணுவின் இன்னொரு நகலுக்கு இதில் பங்குண்டு என்பது 2017-இல் தெரியவந்தது. டென்மார்க், பின்லாந்து போன்ற நாடுகளில் இனப்பெருக்கத்துக்கு முன் நாயின் முதுகை எக்ஸ்ரே எடுத்து, சுண்ணம் படிந்த வட்டுகளை எண்ணி, அந்த எண்ணிக்கை குறைந்த நாய்களுக்கு முன்னுரிமை தருகிறார்கள்.