தார்நாகா: வேலியும் பாடமொழியும்

செகந்திராபாத்திலிருந்து உப்பல் செல்லும் சாலையில் உள்ளது தார்நாகா. தமிழ்க் காதில் இப்பெயரின் ‘தார்’ சாலைக்கு இடும் தாராகவே ஒலிக்கும். உருதுவிலோ அது கம்பி. ‘நாகா’ என்பது காவற்சாவடி. நிஜாம் காலத்துத் தோட்டமொன்றின் கம்பிவேலியும் காவலும் தந்த பெயர் என்பர்.

அருகிலுள்ள உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918இல் உருதுவைப் பாடமொழியாகக் கொண்டு தொடங்கியது. மருத்துவமும் பொறியியலும்கூட உருதுவில் கற்பிக்கப்பட்டன. நூல்களைப் பெயர்க்கவும் கலைச்சொல் ஆக்கவும் தனி மொழிபெயர்ப்புத்துறை உழைத்தது. 1939இல் திறக்கப்பட்ட கலைக்கல்லூரிக் கட்டடத்தைக் காண இன்றும் பலர் வருகின்றனர். ஆனால் ஐதராபாத் 1948இல் இந்தியாவோடு இணைக்கப்பட்டபின் அப்பாடமொழி நீடிக்கவில்லை.

வேலியும் போயிற்று; மெட்ரோ நிலையப் பலகையில் அவ்வுருதுப் பெயர் மட்டும் நிற்கிறது. தமிழ்வழி உயர்கல்வி இயலுமா என வினவுவோர், இங்கு ஒருகாலத்தில் இயன்றதையும் அது நின்றுபோன காரணத்தையும் சேர்த்தே ஆராய வேண்டும்.