முடிவே இல்லாத ஸ்க்ரோல்: யார் பொறுப்பு?

"இன்னும் ஒரே ஒரு வீடியோ..." என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் போய்விட்டதா?

தப்பு முழுக்க உங்களுடையது அல்ல.

முன்பு எப்படி இருந்தது?

இணையப் பக்கத்தின் கடைசியில் 'அடுத்த பக்கம்' என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்துவதற்குமுன், "போதுமா, இன்னும் பார்க்கலாமா?" என்று யோசிக்க ஒரு நொடி கிடைக்கும்.

மாற்றியது யார்?

2006இல் அமெரிக்க வடிவமைப்பாளர் ஏசா ரஸ்கின் முடிவில்லா ஸ்க்ரோலை உருவாக்கினார். பயனீட்டாளரின் வேலையைக் குறைப்பதே நோக்கம். ஆனால் பொத்தானோடு அந்த ஒரு நொடியும் காணாமல் போனது. பின்னர் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார்.

திரும்பக் கொண்டுவர முடியுமா?

முடியும். கடந்த 2 நாள் பதிவுகளைப் பார்த்து முடித்ததும் "எல்லாம் பார்த்தாச்சு" என்று சொல்லும் வசதியை 2018இல் இன்ஸ்டகிராம் அறிமுகம் செய்தது. 2020இல் அதற்குக் கீழே பரிந்துரைப் பதிவுகள் வந்தன. மறுபடியும் ஸ்க்ரோல்தான்!

அப்படியென்றால் என்ன செய்வது?

செயலிக்கு நேர வரம்பு வைக்கலாம். சில செயலிகளில் வீடியோ தானாக ஓடுவதை செட்டிங்ஸில் நிறுத்தலாம். இவை நம் கையில்.

ஆனால் நிறுத்தும் இடத்தை எடுத்தவர்கள் வடிவமைப்பாளர்களும் நிறுவனங்களும். அதைத் திருப்பித் தரவேண்டியதும் அவர்களே.