கானேஷுமாரியில் பாட்டனார்

"நம் ஊரிலும் கானேஷுமாரி எடுத்தார்களே, அதில் எங்கள் பாட்டனார் பெயர் அகப்படாதா?" என்று அம்பத்தூர்ச் சிநேகிதர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் நூறு வருஷம் பூட்டி வைத்திருந்த 1921-ஆம் வருஷத்துக் கணக்கை 2022-ல் திறந்துவிட்டார்கள். தம் பாட்டியார் எந்தத் தெருவில், யார் யாருடன் வசித்தார் என்று அங்கே யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

நம் கதை வேறு. சென்னை ராஜதானி முழுவதும் 1871-ல் தலை எண்ணினார்கள். மூன்று கோடிக்கு மேல் தேறிற்று. அதன் பிறகும் பத்து வருஷத்துக்கு ஒரு முறை வீடு வீடாக ஏறி இறங்கிப் பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டு எழுதினார்கள். ஆனால், கூட்டல் முடிந்ததும் அந்தக் காகிதங்களின் ஆயுளும் முடிந்தது. அச்சேறியவை எண்கள் மட்டுமே. 1948-ஆம் வருஷத்துச் சட்டமோ, கணக்கெடுப்பவர் எழுதிய ஏட்டைப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. இதிலும் ஒரு நன்மை உண்டு. சொன்னது தமக்கு எதிராகத் திரும்பாது என்ற தைரியம் இருந்தால்தானே ஜனங்கள் உள்ளதைச் சொல்லுவார்கள்? ஆகவே சர்க்கார் கணக்கில் பாட்டனார் ஓர் 'ஒன்று', அவ்வளவுதான்.

கானேஷுமாரி என்ற பாரசீகச் சொல்லுக்கே 'வீடுகளை எண்ணுதல்' என்றுதான் பொருள். அப்படி வீடுகளை எண்ணிய பழைய கணக்கு ஒன்று நம் பக்கத்தில் உண்டு. சென்னையைச் சூழ்ந்திருந்த செங்கற்பட்டு ஜாகீரைக் கம்பெனியாருக்காக 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் அளந்தார். சுமார் இரண்டாயிரம் ஊர்கள். ஊருக்கு எத்தனை வீடு, எந்தத் தொழிலாளர் எத்தனை குடும்பம், எத்தனை ஏரி, விளைச்சலில் யாருக்கு என்ன பங்கு என்று கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதினார்கள். அந்த ஓலைகளில் பல இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்து ஊர் எப்படி இருந்தது என்பதை அங்கே பார்க்கலாம்.

சரி, ஆளை எங்கே தேடுவது? பத்திரத்தில் தேடுங்கள். பழைய கிரயப் பத்திரம் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று இரண்டு தலைமுறையை ஒரே வரியில் சொல்லிவிடும். சொந்தப் பத்திரம் தொலைந்து போயிருந்தாலும் கவலை வேண்டாம். பக்கத்து நிலத்துக்காரர் பத்திரத்தின் செக்குபந்தியைப் பாருங்கள். 'இன்னார் நிலத்துக்கு மேற்கு' என்ற வரியில் உங்கள் பாட்டனார் நின்றுகொண்டிருப்பார்.

ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். ஒரு காலத்தில் அம்பத்தூர், சைதாப்பேட்டைத் தாலுகாவில், செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்தது. 1997-ல் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 2018-ல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது. வீடு நின்ற இடத்திலேயே நின்றது. விலாசம்தான் ஊர் சுற்றிற்று! ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நின்றுவிட்டன. எந்த வருஷத்தில் எந்த ஜில்லா என்று தெரியாமல் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

பத்திரத்திலும் அகப்படாதவர்கள் நம் பாட்டிமார்கள். காணி நிலம் இல்லாத குடும்பங்களும் அப்படியே. அவர்களுடைய பெயர்கள் வீட்டுப் பெரியவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கின்றன. அதுவும் எத்தனை நாளைக்கு?

அடுத்த முறை கணக்கெடுப்பவர் வாசலுக்கு வருவார். அவருக்குச் சொல்லும் பதில்களை அன்றைக்கே ஒரு நோட்டிலும் எழுதித் தேதி போட்டு வையுங்கள். அதற்கு மேலே, பாட்டியைக் கேட்டு, அவருடைய தாயார் பெயரையும் எழுதுங்கள். எண்ணைச் சர்க்கார் காப்பாற்றும். பெயரை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.