கோலார் மண்ணின் கதை - 23: கிணற்றுக்குள் ஆயிரம் வாணங்கள்

மைசூர் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் மோதிய புள்ளலூர்ப் போரைச் சொல்வதாகப் போன வாரம் வாக்குக் கொடுத்திருந்தேன். ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படை ஆற்று வெள்ளம் வடியட்டும் என்று கரையில் காத்துக் கிடக்கிறது. காஞ்சிபுரத்தில் ஆங்கிலேயத் தளபதி மன்றோ அவர் வருவார் வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அதைத் தொடங்குவதற்கு முன் பூதிகோட்டைக்கு ஒருமுறை திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. ஹைதர் அலி பிறந்த ஊர் என்று நான்கு வரியில் அதைத் தாண்டி வந்துவிட்டேன். அவருடைய தகப்பனாரைப் பற்றிச் சொல்லவே இல்லை. அவரை விட்டுவிட்டுப் புள்ளலூருக்குப் போனால் அங்கே வானத்தில் சீறப்போகிற நெருப்பு எங்கிருந்து வந்தது என்று புரியாது.

தகப்பனார் பெயர் பதே முகம்மது. கோலார்க்காரர். சீரா சுபேதாரிடம் சேர்ந்து பூதிகோட்டையை ஜாகீராகப் பெறுவதற்கு முன்னால் ஆற்காட்டு நவாபிடம் வேலை பார்த்தவர். என்ன வேலை? வாணப் படை. ஐம்பது ஆட்களுக்குத் தலைவர். மூங்கிலில் கட்டிய வாணங்களைக் கொளுத்தி விடுவது அவர்கள் தொழில். பெரும்பாலும் சைகை காட்டத்தான் அவை பயன்பட்டன. ஹைதர் சிறுபிள்ளையாக இருந்தபோதே அவர் இறந்துபோனார். கோலாரில் அவர் சமாதி இருக்கிறது. 1782 டிசம்பரில் சித்தூர் பக்கம் ஹைதர் கண்ணை மூடியபோது, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு எடுத்துப் போகும் முன் உடலை முதலில் கொண்டுவந்து வைத்தது அந்தத் தகப்பன் பக்கத்தில்தான்.

வாணம் விடுகிறவரின் மகன் அந்த வாணத்துக்கு இரும்பு உடம்பு கொடுத்தார். மாற்றம் இவ்வளவுதான், ஆனால் எல்லாம் இதில் இருக்கிறது. நம் ஊர்த் திருவிழா வாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காகிதக் குழாயிலோ மூங்கில் குழாயிலோ மருந்தை ஓரளவுக்கு மேல் இறுக்கிக் கெட்டிக்க முடியாது, குழாய் வெடித்துவிடும். அடித்துச் செய்த இரும்புக் குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்கும். உள்ளே அடைபட்ட புகை பின்பக்கத் துளை வழியாக அத்தனை வேகத்தோடு சீறும்போது வாணம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போய் விழும். ஹைதரிடம் வாணக்காரர்கள் 1,200 பேர் இருந்தார்கள். அவர் மகன் திப்பு காலத்தில் அது 5,000 ஆனது.

இந்த வாணம் எப்படி இருந்தது என்பதற்கு நெடுங்காலம் நமக்கிருந்த சாட்சி லண்டனில் இருந்தது. வுலிச் பீரங்கிப்படை அருங்காட்சியகத்தில் இரண்டே இரண்டு. பெங்களூர் விண்வெளி அறிஞர் ரொத்தம் நரசிம்மா 1985இல் எழுதிய ஆய்வில் அவற்றின் அளவு இருக்கிறது. ஒன்றில் 254 மில்லிமீட்டர் நீள இரும்புக் குழாயை ஒரு மீட்டர் நீள வாளோடு தோல் வாரால் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். இன்னொன்று அதைவிடச் சிறிய குழாய். அதற்கு வால் ஓர் ஆள் உயரத்தைச் சற்றே தாண்டும் மூங்கில். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது ஆங்கிலேயர் கையில் சிக்கியவை எரிக்கத் தயாரான 700 வாணங்களும் 9,000 காலிக் குழாய்களும் என்பது கணக்கு. அத்தனையும் எங்கே போயின? வுலிச்சில் வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பார்த்துத் தன் வாணத்தைச் செய்தார், அதில் கோபன்ஹேகன் எரிந்தது, புகழ் அவருக்குப் போனது. இதை நான் திருட்டு என்றுதான் சொல்வேன்.

இனி அந்த வாணங்கள் நம் மண்ணிலேயே கிடைத்த நகரா. மலைநாட்டில், சிவமொக்கா மாவட்டத்தில், மழை விடாத ஊர். பழைய பெயர் பிதனூர். 1763இல் ஹைதர் பிடித்துத் தன் பெயரையே அதற்குச் சூட்டினார். அங்கே 2002இல் ஒரு பாழுங்கிணற்றில் துருப்பிடித்த குழாய்கள் 160 கிடைத்தன. பீரங்கிக் குண்டுகள் என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டார்கள். அவை வாணங்கள் என்று அடையாளம் தெரியப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இரும்பைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, அது இன்னதென்று சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

2018 ஜூலையில் மறுபடியும் ஒரு வறண்ட கிணறு. சேற்றில் வெடிமருந்து வாசனை அடித்தது. இருநூறு வருஷத்துக்குப் பிறகும் வாசனை! தொல்லியல் துறையினரும் கூலியாட்களுமாகப் பதினைந்து பேர் மூன்று நாள் இறங்கித் தோண்டினார்கள். வந்தவை ஆயிரத்துக்கும் மேல். குவியலாக, ஒவ்வொன்றும் 23 முதல் 26 சென்டிமீட்டர் நீளம். ஏறக்குறைய ஒரு சாண். மூங்கில் மக்கிப்போய்விட்டது. இரும்பு நின்றது. உலகத்தில் வேறெங்கும் மைசூர் வாணங்கள் இத்தனை ஒரே இடத்தில் கிடைத்ததில்லை.

சேற்றில் காற்றுப் படாமல் கிடந்த இரும்பு வெளியே வந்ததும்தான் அதற்கு ஆபத்து தொடங்குகிறது. உள்ளே ஊறிய உப்பு ஈரக் காற்றைக் கண்டதும் வேலை செய்யும். ஏடு ஏடாக உதிரும். உப்பைக் கரைத்தெடுத்து, உலர்த்தி, மெழுகோ பிசினோ பூசி, ஈரம் ஏறாத பெட்டிக்குள் வைக்க வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் மருந்தையும் கவனிக்க வேண்டும். ஆயிரம் குழாய்களுக்கும் இதைச் செய்வது பொறுமையும் பணமும் கேட்கிற வேலை.

நம்மால் முடியாததல்ல. இதே கர்நாடகத்தில் இதைவிடப் பெரிய உலோகத்தைக் குப்பையிலிருந்து எழுப்பியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஆங்கிலேயர் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் போட்டுவிட்டுப் போனார்கள். மறுபடி யாரும் பறக்கவிடக் கூடாதென்று சேதப்படுத்தியும் விட்டார்கள். 1948இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்காரர்கள் போய்ப் பார்த்தார்கள். இதிலிருந்து அது, அதிலிருந்து இது என்று பொருத்தி, காற்றில் எழும்புகிற அளவுக்கு மட்டும் தேற்றினார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தவர் ஜாம்ஷெட் முன்ஷி. நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள்! எந்த நேரத்தில் எந்த இன்ஜின் நிற்கும் என்று தெரியாமல் விந்தியம் தாண்டி வந்த அந்த மனிதருக்கு ஒரு தெருவுக்காவது பெயர் வைத்திருக்கலாம். 1968 வரை நம் விமானப்படையில் அவை பறந்தன. பிறகு பிரிட்டனும் கனடாவும் அமெரிக்காவும் தங்கள் அருங்காட்சியகங்களுக்கு வாங்கிக்கொண்டு போயின. டெல்லியில் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. பெங்களூர்த் தொழிலாளி மறுபிறப்புக் கொடுத்த விமானத்தை லண்டன் குழந்தைகள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் வாணத்துக்கும் அந்தக் கதி வரக் கூடாது.

ஆயிரம் வாணங்களில் ஒன்றே ஒன்று பூதிகோட்டைக்கு வர வேண்டும். சாம்பல் என்று பொருள்படும் பெயர் கொண்ட அந்த ஊரில், ஹைதர் பிறந்த இடம் என்று காட்டுகிற மண்ணில், ஒரு கண்ணாடிப் பெட்டி. பதே முகம்மதுவின் பெயரும் அதில் இருக்கட்டும். தங்கவயலிலிருந்து நம் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கட்டும். பக்கத்திலேயே இன்னொன்றும் எழுத வேண்டும்: 1780இல் ஹைதரின் குதிரைப்படை மலையிறங்கியபோது எரிந்தவை ஆற்காட்டுச் சீமைத் தமிழ்க் கிராமங்கள். எனக்கு ஹைதர் மாவீரர்தான். அதற்காக அந்த ஊர்களின் சாம்பலை மறைக்க மாட்டேன்.

பெய்லிக்கு இன்று நேரமில்லாமல் போயிற்று. வெள்ளம் வடிந்துவிட்டது, அவர் ஆற்றைக் கடந்துவிட்டார். 1780 செப்டம்பர் 10 விடியப்போகிறது. மறுநாள் மன்றோ தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளம் ஒன்றில் தள்ளிவிட்டுச் சென்னை நோக்கித் திரும்பினார். அவற்றைத் தண்ணீரில் தள்ள வைத்த அந்த ஒரு காலைப்பொழுது, அடுத்த வாரம்.